௳ வர வேண்டிய இடத்தில் கட்டம் வந்தால்

வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ ஒரு டிடிபி கடை. கல்யாணப் பத்திரிகைக்கு மேட்டர் வருகிறது. முதல் வரி இப்படி: ‘திருவள்ளுவர் ஆண்டு 2056, விசுவாவசு ௵ ஆவணி ௴ 12 ௳’. வேர்டில் அடிக்கும்போது எல்லாம் சரியாகத் தெரிகிறது. டிசைனுக்குக் கொண்டுபோய், வளைவும் நெளிவுமான ஒரு அலங்கார ஃபான்டுக்கு மாற்றியதும் ஆண்டு, மாதம், நாள் என்ற மூன்று குறிகளும் போய் மூன்று கட்டம் நிற்கிறது. கட்டத்தை அழித்துவிட்டு ‘வருடம், மாதம், தேதி’ என்று அடித்து முடித்துவிடுகிறவர்கள் உண்டு. பத்திரிகை அடிக்கக் கொடுத்தவர் கேட்டது குறி என்றால் அது சரியான வேலை இல்லை. அந்தக் குறியை வரவழைக்க ஐந்து நிமிடம் போதும். எங்கே தப்பு நடக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

கட்டத்தை முதலில் படியுங்கள்

திரையில் எழுத்து கெட்டுப்போவது எல்லாம் ஒரே நோய் இல்லை. கட்டமாக வந்தால், அதாவது வெறும் செவ்வகமாகவோ உள்ளே பெருக்கல் குறியோ கேள்விக்குறியோ போட்ட செவ்வகமாகவோ வந்தால், எழுத்து உயிரோடு இருக்கிறது என்று பொருள். ஃபைலுக்குள் ௳ என்ற எண் பத்திரமாக இருக்கிறது. அதை வரைந்து காட்டுகிற உருவம் மட்டும் அந்த ஃபான்டில் இல்லை. இதுதான் இருப்பதில் நல்ல நிலைமை.

கறுப்பு வைரத்துக்குள் வெள்ளைக் கேள்விக்குறி (�) வந்தால் கதை வேறு. அது 65533-ஆம் எண்ணுள்ள தனி எழுத்து. ஃபைலைத் திறந்த புரோகிராம், ‘இந்த பைட்டுகள் எனக்குப் புரியவில்லை’ என்று சொல்லிப் போடுகிற அடையாளம். எத்தனை ஃபான்ட் போட்டாலும் மாறாது. மூல ஃபைலுக்குத் திரும்பிப் போய் யூடிஎஃப்-8 (எல்லா மொழிக்கும் பொதுவான யூனிகோடு எண்களைச் சேமிக்கும் முறை) என்று தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். சும்மா ஒரு கேள்விக்குறி (?) மட்டும் நின்றால் இன்னும் மோசம்: யூனிகோடு தெரியாத ஒரு இடத்தின் வழியாக மேட்டர் போய் வந்திருக்கிறது, எழுத்து அங்கேயே செத்துவிட்டது. திரும்ப அடிப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொன்று, புள்ளிகளால் ஆன வட்டம் (◌). ஒற்றைக்கொம்போ துணைக்காலோ மெய்யெழுத்து இல்லாமல் தனியாக நிற்கும்போது, அது உட்கார இடம் காட்டுவதற்காகப் புரோகிராமே போடுவது இந்த வட்டம். பெரும்பாலும் டைப்பிங் வரிசை தப்பியிருக்கும், அல்லது ஓர் எழுத்தின் இரண்டு பாதிக்கு இரண்டு ஃபான்ட் கொடுத்திருப்பீர்கள். இரண்டாவதைப் பற்றிக் கீழே இருக்கிறது.

உங்கள் கருவியையே இப்போது சோதித்துப் பார்க்கலாம். இதோ முந்திரி என்ற பின்னக் குறி: 𑿀. இதோ நாள் குறி: ௳. முதலாவது கட்டமாகவும் இரண்டாவது சரியாகவும் தெரிந்தால் உங்கள் கருவியில் தமிழ் ஃபான்ட் இருக்கிறது, பழைய பின்ன, அளவைக் குறிகள் உள்ள தமிழ் துணைத் தொகுதிக்கான ஃபான்ட் இல்லை. பல போனில் இந்த நிலைமைதான்.

ஏன் இப்படி ஆகிறது

யூனிகோடு ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண் தருகிறது. ௳ என்பது 3059. ஃபான்டுக்குள் ஓர் அட்டவணை இருக்கும்: எந்த எண்ணுக்கு எந்த உருவம் என்று. 3059-க்கு அட்டவணையில் வரியே இல்லை என்றால், ஃபான்டில் முதலாவதாக, பூஜ்யம் என்ற இடத்தில் வைத்திருக்கும் ‘இல்லை’ உருவத்தை எடுத்துப் போடும். அந்த உருவம்தான் கட்டம். கூகுளின் நோட்டோ ஃபான்டுகளுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கட்டத்தால்தான். கட்டத்தை ஆங்கிலத்தில் டோஃபு என்பார்கள். ‘நோ டோஃபு’ சுருங்கி நோட்டோ ஆனது.

பிரவுசரும் வேர்டும் லிப்ரேஆஃபீஸும் கட்டத்தை உடனே போட்டுவிடாது. கேட்ட ஃபான்டில் உருவம் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் உள்ள மற்ற ஃபான்டுகளில் தேடி எடுத்து வந்து ஒட்டும். அதனால்தான் வேர்டில் நன்றாக இருந்தது. பக்கம் வடிவமைக்கிற புரோகிராம்கள் இந்த விஷயத்தில் கண்டிப்பானவை. இன்டிசைனிடம் ஒரு ஃபான்டைச் சொன்னால் அந்த ஃபான்டிலிருந்துதான் எடுக்கும், இல்லாததைக் கட்டமாகக் காட்டும். அது குறை இல்லை. அச்சுக்குப் போகும் பக்கத்தில் உங்களைக் கேட்காமல் வேறு ஃபான்ட் நுழையக் கூடாது என்பதுதான் காரணம்.

எழுத்து எப்போது யூனிகோடில் சேர்ந்தது என்பதும் முக்கியம். ௰ ௱ ௲ ஆகியவை தொடக்கத்திலிருந்தே இருக்கின்றன. ௳ முதல் ௺ வரையுள்ள எட்டுக் குறிகள் 2003-ல் வந்தன. தமிழ்ப் பூஜ்யம் ௦, ஶ ஆகிய இரண்டும் 2005-ல். ௐ 2008-ல். ₹ 2010-ல். முந்திரி, காணி, உழக்கு, பதக்கு போன்ற 51 குறிகள் கொண்ட தமிழ் துணைத் தொகுதி 2019-ல்தான் வந்தது. 2002-ல் செய்த ஃபான்டில் ௵ தேடுவதும் 2007-ல் செய்த ஃபான்டில் ௐ தேடுவதும் வீண். அலங்கார ஃபான்ட் செய்கிறவர்கள் உயிர், மெய், உயிர்மெய், கிரந்தம் வரைந்ததும் நிறுத்திவிடுவது வழக்கம். அதனால் புது ஃபான்டிலும் இந்தக் குறிகள் இருக்கும் என்று நம்பக் கூடாது.

எந்த எழுத்து என்று கண்டுபிடிப்பது

கட்டத்தைப் பார்த்து ‘இது ௴ ஆகத்தான் இருக்கும்’ என்று ஊகிக்காதீர்கள். கட்டத்தை காப்பி செய்து வேர்டில் ஒட்டுங்கள். கர்சரைக் கட்டத்துக்கு வலது பக்கம் ஒட்டி வைத்து ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து அழுத்தினால் அது தன் எண்ணாக மாறும். இன்னொரு தடவை அழுத்தினால் பழையபடி எழுத்தாகும். வருகிற எண் பதினறும எண், நடுவில் எழுத்துகளும் கலந்திருக்கும். விண்டோஸ் கால்குலேட்டரை புரோகிராமர் நிலைக்கு மாற்றி அதில் அடித்தால் பதின்ம எண் கிடைக்கும். இங்கே கொடுக்கும் எண்கள் எல்லாம் பதின்ம எண்தான்.

கைக்கெட்டும் இடத்தில் எழுதி ஒட்டிக்கொள்ள வேண்டியவை: ௐ 3024, ௦ முதல் ௯ வரை 3046 முதல் 3055 வரை, பத்து ௰ 3056, நூறு ௱ 3057, ஆயிரம் ௲ 3058, நாள் ௳ 3059, மாதம் ௴ 3060, ஆண்டு ௵ 3061, பற்று ௶ 3062, வரவு ௷ 3063, மேற்படி ௸ 3064, ரூபாய் ௹ 3065, எண் ௺ 3066. வேர்டில் ஆல்ட்டை அழுத்திப் பிடித்தபடி வலது பக்க நம்பர் பேடில் 3059 அடித்துவிட்டு விட்டால் ௳ வரும். சில புரோகிராம்களில் இதே எண்ணுக்கு வேறு ஏதாவது குறி வரும். அங்கே போராடாமல் வேர்டில் எடுத்து காப்பி செய்யுங்கள். அடிக்கடி வேண்டும் என்றால் ஆட்டோகரெக்டில் ‘;நா’ என்று அடித்தால் ௳ ஆகும்படி பதிந்து வையுங்கள்.

எண் 57344-க்கும் 63743-க்கும் இடையில் வந்தால் நிறுத்துங்கள். அது தனிப்பயன் பகுதி. அங்கே எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்று யூனிகோடு சொல்வதில்லை, ஃபான்ட் செய்தவர்தான் சொல்வார். 2010-ல் தமிழக அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்-16 முறை இந்தப் பகுதியைத்தான் பயன்படுத்துகிறது. அந்த முறையில் அடித்த மேட்டர் அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் முழுப் பக்கமும் கட்டமாக நிற்கும். இதற்கு மருந்து புது ஃபான்ட் இல்லை. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒன்றில் போட்டு யூனிகோடுக்கு மாற்றுவதுதான். விங்டிங்ஸில் எடுத்த டிக் குறியும் இதே கதைதான். உங்கள் திரையில் டிக்காக இருப்பது வாடிக்கையாளர் போனில் சம்பந்தமில்லாத எழுத்தாகவோ கட்டமாகவோ வரும். 10003-ஆம் எண்ணுள்ள ✓ போடுங்கள்.

எந்த ஃபான்ட்

தமிழ்த் தொகுதியின் எல்லா எழுத்தும் வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் இரண்டும் இலவசம், முழுமையானவை. அச்சு வேலைக்குப் பத்திரிகை எழுத்தோடு செரிஃப் நன்றாகச் சேரும். விண்டோஸில் கூடவே வரும் நிர்மலாவில் திரையில் பார்த்துக்கொள்ளலாம். பின்னக் குறிகளுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் சப்ளிமென்ட் என்று தனி ஃபான்ட் இருக்கிறது. பெயரில் தமிழ் இருக்கிறதே என்று அதை மட்டும் போட்டுவிட்டு அ, ஆ தேடாதீர்கள். துணைத் தொகுதிக்காகவே செய்தது அது. தொலைபேசி ☎, சிலுவை ✝, பிறை ☪ போன்றவைக்கு நோட்டோ சான்ஸ் சிம்பல்ஸ், சிம்பல்ஸ் 2 இரண்டையும் போட்டு வைத்தால் ராயபுரம் தேவாலயத் திருவிழா நோட்டீஸிலிருந்து மண்ணடி நிக்காஹ் பத்திரிகை வரை ஓடும்.

சௌகார்பேட்டை வேலை எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ஸ்வஸ்திக் குறி யூனிகோடில் இரண்டு வீட்டில் குடியிருக்கிறது. 21328 என்பது சீன எழுத்துத் தொகுதியில் இருப்பது, சீன ஃபான்டிலிருந்து வரும். 4053 முதல் 4056 வரை திபெத்தியத் தொகுதியில் இருப்பவை. அவற்றில் 4055 நான்கு புள்ளியோடு வலப்பக்கம் திரும்பியது. வாடிக்கையாளர் புள்ளி வைத்தது கேட்டால் தேட வேண்டியது திபெத்திய ஃபான்ட். இது தெரியாமல் தேவநாகரி ஃபான்டுகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து நேரத்தை வீணாக்குகிறவர்கள் அதிகம்.

ஃபான்டைப் போடும்போது இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கும் ஜிப்புக்குள் ஒரு வேரியபிள் ஃபான்டும் (எல்லாத் தடிமனும் ஒரே ஃபைலில் இருப்பது), ‘ஸ்டேட்டிக்’ என்ற ஃபோல்டரும் இருக்கும். பழைய கோரல் டிரா, பழைய வேர்டு வைத்திருந்தால் ஸ்டேட்டிக் ஃபோல்டரில் உள்ள ரெகுலர், போல்டு ஃபைல்களை மட்டும் போடுங்கள். வேரியபிள் ஃபைலை அவை சரியாகப் புரிந்துகொள்ளாது, போல்டு வரவே வராது. இரண்டாவது: ஃபைல் மேல் வலது கிளிக் செய்து ‘இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்’ கொடுங்கள். வெறும் இன்ஸ்டால் கொடுத்தால் விண்டோஸ் 10, 11-ல் அந்த யூசருக்கு மட்டும் போய் உட்காரும், பழைய புரோகிராம்களின் பட்டியலில் தெரியாது. போட்டபின் டிசைன் புரோகிராமை மூடித் திறக்க வேண்டும்.

லதா என்ற பழைய ஃபான்டில் அடித்த ஃபைல் புதுக் கம்ப்யூட்டரில் வேறு முகத்தோடு திறந்தால், லதா இப்போது விண்டோஸோடு தானாக வருவதில்லை என்பதுதான் காரணம். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ சேர்த்தால் லதாவும் விஜயாவும் வந்துவிடும்.

குறிக்கு மட்டும் ஃபான்ட் கொடுப்பது

வேலையின் மையம் இதுதான். மேட்டர் முழுவதும் அலங்கார ஃபான்டில் இருக்கட்டும், இல்லாத குறிகளுக்கு மட்டும் நோட்டோ. இரண்டு மூன்று குறிகள் என்றால் தேர்ந்தெடுத்துக் கையால் மாற்றிவிடலாம். 40 பக்கக் கோயில் மலர், அல்லது 300 வரி பற்று வரவுக் கணக்கு என்றால் இன்டிசைனில் இப்படிச் செய்யுங்கள்:

1. பாராகிராஃப் பேனல் மெனுவில் ‘வேர்ல்டு-ரெடி பாராகிராஃப் கம்போசர்’ தேர்ந்தெடுத்திருக்கிறதா பாருங்கள். இது இல்லாமல் தமிழே ஒழுங்காக வராது, கொம்பு தப்பான பக்கம் நிற்கும். குறியைத் தேடுவதற்கு முன் இதை முடியுங்கள்.

2. ‘குறி’ என்று ஒரு கேரக்டர் ஸ்டைல் உண்டாக்குங்கள். அதில் ஃபான்ட் ஃபேமிலியும் ஸ்டைலும் மட்டும் நிரப்புங்கள். சைஸ் கட்டத்தைக் காலியாக விடுங்கள். சைஸ் எழுதிவிட்டால் தலைப்பில் 24 பாயின்ட் எழுத்துக்கு நடுவில் 12 பாயின்ட் ௵ வந்து நிற்கும்.

3. மேட்டரின் பாராகிராஃப் ஸ்டைலைத் திறந்து ‘கிரெப் ஸ்டைல்’ பகுதிக்குப் போங்கள். புதிதாக ஒன்று சேர்த்து, அப்ளை ஸ்டைலில் ‘குறி’, டு டெக்ஸ்டில் [ௐ௦-௺] என்று அடியுங்கள்.

அடைப்புக்குறிக்குள் உள்ளது ‘ௐ, அல்லது ௦ முதல் ௺ வரை எதுவானாலும்’ என்று சொல்கிறது. இனிமேல் அந்த ஸ்டைலில் எங்கே ௳ அடித்தாலும் தானாக நோட்டோவுக்கு மாறும். துணைத் தொகுதிக் குறிகள் ஒரு வேலையில் சிலவே வரும். அவற்றைக் கையால் மாற்றி, ஒவ்வொன்றையும் கண்ணால் பாருங்கள். அச்சுக்கு முன் தப்பைத் தேடிக் காட்டும் ப்ரீஃப்ளைட்டில் டெக்ஸ்ட் பகுதியில் ‘கிளிஃப் மிஸ்ஸிங்’ டிக் செய்து வைத்தால், எங்காவது ஒரு கட்டம் மிச்சம் இருந்தாலும் கீழே சிவப்பு விளக்கு எரியும், எந்தப் பக்கம் என்றும் சொல்லும். கண்ணை நம்பி 40 பக்கம் புரட்டுவதைவிட இது மேல்.

லிப்ரேஆஃபீஸில் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸைத் திறந்து ரெகுலர் எக்ஸ்பிரஷன்ஸ் டிக் செய்து அதே [ௐ௦-௺] கொடுத்து ‘ஃபைண்ட் ஆல்’ அழுத்துங்கள். எல்லாக் குறியும் ஒரே நேரத்தில் தேர்வாகும். பிறகு ஃபார்மேட், கேரக்டர் போய் ஃபான்ட் மாற்ற வேண்டும். இங்கே பலர் ஏமாறுகிறார்கள். அந்தப் பெட்டியில் மேற்கத்திய எழுத்துக்கு ஒரு ஃபான்டும் காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்டுக்கு இன்னொரு ஃபான்டும் தனித்தனியாக இருக்கும். தமிழ் இரண்டாவதில் சேர்ந்தது. மேற்கத்தியதை எத்தனை முறை மாற்றினாலும் ௳ அசையாது. வேர்டின் ஃபான்ட் பெட்டியிலும் ‘காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்’ என்று ஒரு பகுதி தெரிந்தால் அங்கே மாற்றுங்கள். ₹ தமிழ் எழுத்து இல்லை, எல்லாருக்கும் பொதுவான குறி. அதனால் அது இரண்டு ஃபான்டில் எதிலிருந்தும் வரலாம்; இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது.

கட்டத்தை மட்டும் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. ‘ஶ்ரீ’ எடுத்துக்கொள்ளுங்கள். அது ஶ, புள்ளி, ர, ஈகாரக் குறி என்ற நான்கும் சேர்ந்து ஒரே உருவமாக வருவது. உங்கள் ஃபான்டில் ஶ இல்லை என்று அந்த ஓர் எழுத்துக்கு மட்டும் நோட்டோ கொடுத்தால் சேர்க்கை உடைந்து ‘ஶ்’ தனியாகவும் ‘ரீ’ தனியாகவும் நிற்கும். ஒரு ஃபான்டில் தொடங்கி இன்னொரு ஃபான்டில் முடிகிற கூட்டெழுத்து கிடையாது. நான்கையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து ஒரே ஃபான்ட் கொடுங்கள். ‘ஸ்ரீ’ என்று ஸ போட்டு அடிப்பது பழைய வழக்கம். சில ஃபான்ட் இரண்டுக்கும் ஒரே உருவம் தரும், சில ஃபான்ட் ஒன்றுக்கு மட்டும் தரும். ஒரு ஃபைலுக்குள் இரண்டும் கலந்திருந்தால் ஒன்றாக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ‘௸யார்’ போன்றவற்றில் இந்தத் தொல்லை இல்லை. ௸ தனிக் குறி, பக்கத்து எழுத்தோடு ஒட்டாது.

பக்கத்தில் பொருந்த வைப்பது

வேறு ஃபான்டிலிருந்து வந்த குறி ஒல்லியாகவோ குள்ளமாகவோ தெரியும். ‘குறி’ ஸ்டைலில் உயர அளவையும் அகல அளவையும் 105 முதல் 115 சதவீதம் வரை ஒரே அளவாக ஏற்றிப் பாருங்கள். அடிக்கோட்டை விட்டுத் தூக்கி நின்றால் பேஸ்லைன் ஷிஃப்டில் அரை பாயின்ட் இறக்குங்கள். அலங்கார ஃபான்ட் தடிமனாக இருந்தால் நோட்டோவில் ரெகுலருக்குப் பதில் மீடியம் அல்லது செமிபோல்டு எடுங்கள். ஓரத்தில் கோடு போட்டுத் தடிமனாக்காதீர்கள், சின்ன அளவில் அச்சாகும்போது ௵-இன் சுழி அடைத்துக்கொள்ளும்.

வேர்டில் குறி வருகிற வரி மட்டும் மற்ற வரிகளைவிட இடைவெளி விட்டு நின்றால், நோட்டோவின் மேலும் கீழுமான உயரம் அதிகம் என்பதுதான் காரணம். பாராகிராஃபில் வரி இடைவெளியை ‘எக்ஸாக்ட்லி’ ஆக்கி 12 பாயின்ட் எழுத்துக்கு 18 பாயின்ட் கொடுங்கள்.

எத்தனை சரிசெய்தாலும் ஒட்டுப்போட்டது போல் இருந்தால், ஆண்டு மாதம் நாள் வரும் அந்த வரி முழுவதையும் நோட்டோ செரிஃபில் வைத்துவிடுங்கள். மணமக்கள் பெயர் அலங்கார ஃபான்டில் இருக்கட்டும். ஒரு வரியில் ஒரே கை எழுதியது போல் இருப்பது, ஒவ்வொரு குறியாகச் செதுக்குவதைவிட எப்போதும் அழகு.

அச்சகத்துக்கும் போனுக்கும்

தண்டையார்பேட்டையில் டைப் செய்கிற கடைக்கும் ஜார்ஜ் டவுனில் அடிக்கிற அச்சகத்துக்கும் நடுவில்தான் அதிகம் கெடுகிறது. திறந்த ஃபைலை அனுப்பினால் அவர்களிடம் நோட்டோ சப்ளிமென்ட் இருக்காது. பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். ஆக்கியதும் ரீடரில் திறந்து ப்ராப்பர்ட்டீஸில் ‘ஃபான்ட்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். ஒவ்வொரு ஃபான்ட் பெயருக்குப் பக்கத்திலும் ‘எம்பெடெட்’ அல்லது ‘எம்பெடெட் சப்செட்’ (ஃபான்ட் ஃபைலுக்குள்ளேயே இருக்கிறது) என்று இருக்க வேண்டும். ஒன்றில் அது இல்லை என்றாலும் அந்த ஃபைலை அனுப்பாதீர்கள். ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்கள் ‘கர்வ்ஸ் பண்ணி அனுப்புங்க’ என்பார்கள். கோரலில் கண்ட்ரோல் கியூ, இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் கண்ட்ரோல் ஷிஃப்ட் ஓ. எழுத்தெல்லாம் கோடாக மாறிவிடும், அப்புறம் எந்தக் கம்ப்யூட்டரிலும் கட்டம் வராது. ஆனால் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவும் முடியாது. கர்வ்ஸ் ஆக்குவதற்கு முந்தைய ஃபைலை வேறு பெயரில் வைத்துக்கொள்ளுங்கள்.

“அண்ணா, என் போன்ல கட்டம் கட்டமா வருது” என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் போனில் ஃபான்ட் ஏற்றச் சொல்லிப் பயனில்லை. ஆண்ட்ராய்டில் சிஸ்டம் ஃபான்டுகள் போன் கம்பெனி வைத்ததுதான். வாட்ஸ்அப் அதையே எடுக்கும். ௳ ௴ ௵ பெரும்பாலான போனில் வரும், முந்திரியும் காணியும் பல போனில் வராது. படமாகவோ பிடிஎஃப் ஆகவோ அனுப்புங்கள். போனில் ✔ போன்ற குறி வண்ண இமோஜியாக மாறி நின்றால் அதன் பின்னாலேயே 65038-ஆம் எண்ணைச் சேர்த்தால் சாதா எழுத்தாக நிற்கும். அந்த எண்ணுக்குத் தனி உருவம் கிடையாது, முன்னால் உள்ளதை எப்படிக் காட்ட வேண்டும் என்று சொல்லும் அடையாளம் அது.

பில் அடிக்கும் தெர்மல் பிரிண்டரில் ₹-க்குப் பதில் கேள்விக்குறி வருவது இன்னொரு வகை. அந்த மெஷினுக்குள்ளேயே சின்ன எழுத்துத் தொகுப்பு ஒன்று இருக்கிறது, கம்ப்யூட்டர் ஃபான்டை அது பார்ப்பதே இல்லை. பில்லைப் படமாக அனுப்பும் வசதி சாஃப்ட்வேரில் இருந்தால் அதை இயக்குங்கள். இல்லையென்றால் ‘ரூ.’ என்றே அடியுங்கள்.

வெப்சைட் வைத்திருப்பவர்களுக்குச் சுருக்கமாக: ஃபான்ட் வரிசையில் உங்கள் அலங்கார ஃபான்டுக்கு அடுத்து நோட்டோ தமிழ், அதற்கு அடுத்து நோட்டோ தமிழ் சப்ளிமென்ட். சப்ளிமென்டுக்கு யூனிகோடு-ரேஞ்ச் கொடுத்தால் அந்தக் குறி உள்ள பக்கத்தில் மட்டும் ஃபான்ட் இறங்கும். பக்கத்தில் நேராக ௳ என்று எழுதினாலும் ௳ வரும், முந்திரிக்கு 𑿀. சேமித்த மேட்டர் முந்திரிக் குறி வந்த இடத்தோடு அறுந்து நின்றால் வெப்சைட்டின் மேட்டரைச் சேமிக்கும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸின் டேபிளைப் பாருங்கள். வழக்கமான தமிழ் எழுத்துக்கு மூன்று பைட், துணைத் தொகுதிக்கு நான்கு பைட். பழைய யூடிஎஃப்8 அமைப்பு மூன்று பைட் வரைதான் தாங்கும். யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்ற வேண்டும்.

செய்யக் கூடாதது

கட்டத்தை மறைக்க ஒத்த உருவத்தைப் போடாதீர்கள். ௧-க்கு க, ௨-க்கு உ, ௭-க்கு எ, ௮-க்கு அ, ௰-க்கு ய என்று மாற்றினால் தாளில் ஒன்றாகத்தான் தெரியும். ஆனால் ஃபைலில் தேடினால் கிடைக்காது, பார்வையற்றவருக்குப் படித்துக் காட்டும் மென்பொருள் எண்ணை விட்டுவிட்டு ‘க’ என்று வாசிக்கும், நாளைக்கு ஃபான்ட் மாற்றினால் இரண்டும் வேறு வேறு உருவமாகும். ரூபாய்க் குறி வந்த புதிதில் நடந்ததே இதற்குச் சாட்சி. 2010 ஜூலையில் குறி அறிவிக்கப்பட்டது, யூனிகோடில் சேர அக்டோபர் ஆனது. நடுவில் அவசரத்துக்கு வந்த ரூபாய் ஃபோராடியன் என்ற ஃபான்ட், கீபோர்டின் இடது மூலையில் உள்ள ` குறியின் இடத்தில் ₹ உருவத்தை வரைந்து வைத்தது. அந்த ஃபான்ட் இல்லாத இடத்தில் அந்த ஃபைலைத் திறந்தால் ‘` 500’ என்று வரும். அப்படிப்பட்ட ஃபைல் கைக்கு வந்தால் எண்ணுக்கு முன்னால் உள்ள ` எல்லாவற்றையும் 8377-ஆம் எண்ணுள்ள ₹ ஆக மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

பாமினி, வானவில் வகை ஃபான்டும் இதே தந்திரம்தான். ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவம். யூனிகோடு தெரியாத பேஜ்மேக்கர் 7-ல் இன்னும் வேலை செய்கிறவர்களுக்கு ௳ வேண்டும் என்றால் அந்தக் குறியை மட்டும் வேறு புரோகிராமில் கர்வ்ஸ் ஆக்கிப் படமாக வைப்பதே வழி.

1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய, கொம்பு வைத்த லை, ணை, னை வேண்டும் என்று கேட்பார்கள். அவற்றுக்குத் தனி யூனிகோடு எண் கிடையாது, தேட வேண்டாம். அதே எழுத்து, வேறு உருவம். அந்த உருவத்தை வரைந்து வைத்த ஃபான்ட் கிடைத்தால்தான் வரும்.

பழைய பத்திரம், கணக்குச் சுவடி பெயர்த்து அடிப்பவர்களுக்குத் தேவைப்படும் எண்கள்: முந்திரி 73664, காணி 73666, மா 73672, வீசம் 73673, கால் 73680, அரை 73681, முக்கால் 73683, ஆழாக்கு 73687, உழக்கு 73688. வீசத்துக்கும் அரைக்கும் இரண்டு வடிவம் உண்டு, அடுத்த எண்ணில் இருக்கும் (73674, 73682). மூலத்தில் எது இருக்கிறதோ அதைப் போடுங்கள். வாசிப்பவர் கருவியில் ஃபான்ட் இருக்காது என்று தெரிந்தால் குறியை அடித்து, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் ‘காணி, 1/80’ என்று எழுதிவிடுங்கள்.

கடைசி வழி: உங்கள் ஃபான்டிலேயே குறியைச் சேர்ப்பது

தினமும் ஒரே ஃபான்டில் பத்திரிகை அடிக்கிற கடைக்கு இது லாபம். ஃபான்ட்ஃபோர்ஜ் இலவசம். முதலில் உரிமத்தைப் பாருங்கள். ஓப்பன் ஃபான்ட் லைசென்ஸில் வந்த ஃபான்டை மாற்றலாம், ஆனால் அதன் பெயர் ஒதுக்கப்பட்ட பெயர் என்றால் உங்கள் ஃபைலுக்கு வேறு பெயர் வைக்க வேண்டும். விலைக்கு வாங்கிய ஃபான்டைப் பெரும்பாலும் தொடக் கூடாது. உரிமம் இடம் கொடுத்தால் இரண்டு ஃபான்டையும் திறந்து, நோட்டோவில் ௳ உருவத்தை காப்பி செய்து உங்கள் ஃபான்டின் 3059-ஆம் இடத்தில் ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு முன் ஃபான்ட் இன்ஃபோவில் இரண்டின் எம் அளவையும் (எழுத்து வரையும் சட்டத்தின் அளவு) ஒப்பிடுங்கள். ஒன்று 1000, இன்னொன்று 2048 என்று இருந்தால் ஒட்டிய குறி ஏறக்குறைய இரண்டு மடங்காகவோ பாதியாகவோ வரும். காப்பி செய்கிற ஃபான்டின் எம் அளவை முதலில் மற்றதற்குச் சமமாக மாற்றி, பிறகு ஒட்டுங்கள். புதுப் பெயரில் ஃபான்டை உருவாக்கிப் போட்டு, ‘விசுவாவசு ௵ ஆவணி ௴ 12 ௳’ வரியை 10, 14, 24 பாயின்டில் அச்செடுத்து, 10 பாயின்டில் ௵ சுழி திறந்திருக்கிறதா என்று தாளில் பாருங்கள். அடைத்திருந்தால் நோட்டோவின் லைட் எடையிலிருந்து எடுத்துத் திரும்ப ஒட்டுங்கள்.